துரைக்கு மலையில் எம்.சி.

கொடிமலை ரயிலில் உட்கார்ந்ததும் அக்கா மகள் கிளினிக் கதையை ஆரம்பித்துவிட்டாள். ஆயர் ஈத்தாம் பக்கம் ஒரு கிளினிக்கில் அவளுக்குக் கவுன்டர் வேலை. திங்கட்கிழமை காலை என்றால் எம்.சி., அதாவது வேலைக்கு விடுப்பு எடுக்க டாக்டர் தரும் மருத்துவச் சான்று, கேட்டு வருகிறவர்கள் வரிசை கட்டி நிற்பார்களாம். வயிற்று வலி, தலை வலி. சிலர் என்ன வலி என்று சொல்லக் கொஞ்சம் யோசிக்கவும் செய்வார்கள். கிடைப்பது ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள்.

"அந்தக் காலத்துல துரைமாருக்கெல்லாம் எத்தனை நாள் எம்.சி. குடுப்பாங்க மாமா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனால் நாங்கள் ஏறிக்கொண்டிருந்த மலையே அந்தக் கேள்விக்குப் பதில். பினாங்குக் கொடிமலையில் பங்களாக்கள் எழுந்ததற்கு முக்கியமான காரணங்களில் ஒன்று, உடம்பு சரியில்லாத அரசாங்க அதிகாரிகளை நாள் கணக்கில், வாரக் கணக்கில் தங்கவைப்பது. அப்படிப்பட்ட இடத்துக்கு அன்றைய பெயர் சானடோரியம். அது ஆஸ்பத்திரியும் இல்லை, ஹோட்டலும் இல்லை, இரண்டிலும் கொஞ்சம் கலந்த ஒன்று. காலனி அரசாங்கங்கள் ஊருக்கு ஊர் இதை நடத்தின. அது என்ன, எதற்கு, எப்படி நடந்தது என்று அவளுக்கு அன்றைக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன்.

முதலில் பெயரால் வரும் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். தமிழர்களுக்குச் சானடோரியம் என்றால் உடனே நினைவுக்கு வருவது சென்னையில் தாம்பரத்துக்குப் பக்கத்து ரயில் நிலையம். அந்தப் பெயர் 1928-இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்தது. காசநோய்க்கு மருந்து இல்லாத நாளில் சுத்தமான காற்று, ஓய்வு, நல்ல சாப்பாடு இந்த மூன்றும்தான் வைத்தியம். அதற்காகக் கட்டியவை அந்த வகைச் சானடோரியங்கள். நான் சொல்லப்போவது வேறு வகை. இதற்குத் தொற்றுநோய் வந்தவர்களை அனுப்பமாட்டார்கள். காய்ச்சல் விட்டும் தெம்பு திரும்பாதவர், வயிற்றுப்போக்கில் வற்றிப்போனவர், நாலு வருடம் வெயிலில் வேலை பார்த்துத் தூக்கம் கெட்டுக் கோபம் மட்டும் மிச்சம் இருக்கிறவர், இவர்களுக்கான இடம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், உடம்பு தேற்றிக்கொள்ளும் வீடு. பிரசவம் ஆன பெண்ணைத் தாய்வீட்டில் வைத்துத் தேற்றி அனுப்புகிறோமே, அதுமாதிரி அதிகாரிகளுக்கு அரசாங்கம் கட்டிவைத்த தாய்வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கத்துக்கு ஏன் இந்தத் தாய்ப்பாசம்? கணக்குதான் காரணம்.

இங்கிலாந்திலிருந்து ஓர் அதிகாரியைக் கொண்டுவந்து, மொழி கற்றுக்கொடுத்து, வேலை பழக்கி முடிப்பதற்குள் நிறையச் செலவாகிவிடும். அந்த ஆள் காய்ச்சலில் விழுந்தால் முன்னால் இருந்தவை மூன்று வழிகள். ஒன்று, இங்கேயே படுத்துக் கிடப்பார், ஒருவேளை இறந்துபோவார். இரண்டு, கப்பலேற்றி ஊருக்கு அனுப்பலாம். 1869-இல் சூயஸ் கால்வாய் திறப்பதற்கு முன்பு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகவே பல மாதம் ஆகும்; திரும்பிவர இன்னும் பல மாதம். கால்வாய் வந்தபிறகும் ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒரு மாதம். அத்தனை நாளும் சம்பளம், கப்பல் கட்டணம், பதிலுக்கு வேலை பார்க்க இன்னோர் ஆள். மூன்றாவது வழி, பக்கத்தில் குளிர்ச்சியான மேடு ஒன்றைக் கண்டுபிடித்து மூன்று வாரம் அங்கே உட்காரவைப்பது. மூன்றிலும் இதுதான் மலிவு. லாரி பழுதானால் தொழிற்சாலைக்குத் திருப்பி அனுப்புவோமா, பக்கத்துப் பட்டறையில் விடுவோமா? சானடோரியம் அரசாங்கத்தின் பட்டறை.

பினாங்கில் இந்தப் பட்டறைக்கான தேவை ரொம்ப சீக்கிரமே தெரிந்துவிட்டது. 1786-இல் பிரான்சிஸ் லைட் இங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக் கொடியை ஏற்றினார். எட்டே வருடம், 1794-இல் மலேரியாவில் போனார். 1805-இல் பினாங்கைச் சென்னை, பம்பாய், கல்கத்தாவுக்குச் சமமான தனி மாகாணமாக உயர்த்தி, ஆளுநராக பிலிப் டண்டாஸ் என்பவரை அனுப்பினார்கள். அவர் 1807-இல் இறந்தார். ஜார்ஜ்டவுனில் ஜாலான் சுல்தான் அகமது ஷா ஓரமாக இருக்கும் பழைய புராட்டஸ்டன்ட் கல்லறைக்குப் போனால் இரண்டு பேரையும் பார்க்கலாம். கப்பலரளி மரங்கள் பூ உதிர்த்துக் கிடக்கும் அழகான இடம். கல்வெட்டுகளில் வயதைப் படித்துக்கொண்டே நடந்தால் சானடோரியம் எதற்கு என்று யாரும் விளக்கத் தேவையில்லை. டண்டாஸோடு வந்த இளைஞர்களில் ஒருவர் ஸ்டாம்போர்ட் ராஃபிள்ஸ், பின்னால் சிங்கப்பூரில் பேர் வாங்கியவர். அவரும் இங்கே உடம்பு கெட்டு, 1808-இல் தேறுவதற்காக மலாக்காவுக்குப் போனார். போன இடத்தில் சும்மா இராமல், மலாக்காவைக் கைவிடக்கூடாது என்று நீண்ட அறிக்கை எழுதி அனுப்பினார். எம்.சி. எடுத்துக்கொண்டு ஆபீஸ் வேலை பார்க்கிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு போலிருக்கிறது.

மலைக்கு வருவோம். குடியேற்றம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே மேலே காடு வெட்டிப் பாதை போட்டார்கள். லைட் அங்கே ஸ்ட்ராபெரி பயிரிட்டார்; ஸ்ட்ராபெரி ஹில் என்ற பெயர் அதனால்தான். ஆளுநருக்கு பெல் ரெட்டிரோ என்ற பங்களா. அங்கே பறந்த கொடியால்தான் மலாயில் புக்கிட் பெண்டேரா, தமிழில் கொடிமலை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்பெனி அதிகாரிகள் உடம்பு தேற்றவென்றே கன்வலசன்ட் பங்களா என்று ஒன்று வந்தது. ஆங்கிலப் பெயரின் பொருளே 'நோயிலிருந்து தேறுகிறவர் வீடு' என்பதுதான். இந்தியாவில் ஜான் சல்லிவன் ஊட்டியில் கல் பங்களா கட்டியது 1822-ஐ ஒட்டித்தான். சிம்லாவும் டார்ஜிலிங்கும் பேர் வாங்கியது அதற்கும் அப்புறம். மலைவாசத்தில் நம் பினாங்கு சீனியர்.

உயரத்தில் சீனியர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஊட்டி 2,240 மீட்டர். நம்முடையது அதிகபட்சம் 833 மீட்டர். பொதுவாக ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு அல்லது ஆறரை டிகிரி குறையும் என்பது கணக்கு. அப்படியானால் கொடிமலையில் நகரத்தைவிட ஐந்து டிகிரி போலக் குறைவு. ஊட்டிக்குப் போய் வந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். ஆனால் பகலில் 32, ராத்திரியிலும் புழுக்கம் விடாத ஊரில், மின்விசிறி இல்லாத காலத்தில், அந்த ஐந்து டிகிரியில்தான் ஒரு மனிதன் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு தூங்க முடியும். தேறுகிறவருக்குத் தூக்கத்தைவிட மருந்து ஏது?

சரி, இடம் கிடைத்தாயிற்று. இனி நடத்த வேண்டும். பலரும் நினைப்பதுபோல டாக்டர் இதில் பெரிய ஆள் இல்லை. டாக்டரின் வேலை பெரும்பாலும் கீழேயே முடிந்துவிடும். 'இவர் மலைக்குப் போகத் தகுந்தவர்' என்று சான்று எழுதுவார், அவ்வளவுதான். ரொம்ப மோசமான நோயாளியை மலைக்கு ஏற்றக்கூடாது, வழியிலேயே போய்விடுவார். நோயே இல்லாதவரை ஏற்றினால் அரசாங்கக் காசில் சுற்றுலா. இரண்டுக்கும் நடுவில் இருப்பவரைத் தேர்ந்தெடுப்பதுதான் டாக்டரின் திறமை. அக்கா மகள் இதைக் கேட்டதும், "இப்பவும் அதேதான்" என்றாள்.

மேலே உண்மையில் தேவைப்பட்டவர் ஒரு நல்ல வீட்டுக்காரம்மா மாதிரி நிர்வாகி. அவருக்குத் தலைவலி நாலு பக்கத்திலிருந்தும் வரும்.

முதல் தலைவலி, சுமை. மலையுச்சியில் ஒன்றுமே விளையாது என்று இல்லை. குளிருக்கு வளரும் சில காய்கறிகளைப் போடலாம். ஆனால் அரிசி, மாவு, இறைச்சி, சீனி, விளக்குக்கு எண்ணெய், சோப்பு, துணிமணி, தபால், மருந்து எல்லாம் கீழிருந்து வரவேண்டும். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். பத்து விருந்தாளி, அவர்களுக்கு வேலைசெய்ய இன்னொரு பத்துப் பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு கிலோ என்று சாப்பாட்டுச் சாமானையும் மற்றதையும் சேர்த்து வைத்தாலே நாற்பது கிலோ. ஒரு கூலி இருபது கிலோ தூக்கி ஏறுவார் என்று கொண்டால், தினமும் இரண்டு ஆள் சாப்பாட்டுக்கு மட்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சுமைக் கூலிகளும் சாப்பிட வேண்டும் என்பதை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

அடுத்தது ஆளையே தூக்குவது. நடக்க முடிந்தவர் நடப்பார், குதிரை ஏறத் தெரிந்தவர் மட்டக்குதிரையில் போவார். முடியாதவருக்கு டோலி. நாற்காலியின் இரண்டு பக்கமும் நீளக் கம்பு, முன்னால் ஆள், பின்னால் ஆள், கூடவே தோள் மாற்ற நடந்துவரும் ஆட்கள். கொடிமலையில் அப்படித் தூக்கியவர்களில் நம் ஆட்கள் நிறைய. ஏற்றத்தில் டோலி தூக்குவது சாமிப் பல்லக்குத் தூக்குவது மாதிரி இல்லை. பல்லக்கு சமதளத்தில் போகும். இங்கே முன்னால் இருப்பவரின் தோள் எப்போதும் மேலே, பின்னால் இருப்பவரின் தோள் கீழே. மொத்தப் பாரமும் பின்னால் இருப்பவர் மேல்தான் சரியும். முன்னவர் கம்பைத் தோளிலிருந்து இறக்கிக் கையில் தாழ்த்திப் பிடித்தால்தான் நாற்காலி ஓரளவுக்கு நேராக நிற்கும், உட்கார்ந்திருக்கும் நோயாளியும் மல்லாந்து விழமாட்டார். இறங்கும்போது எல்லாம் தலைகீழ். தைப்பூசத்தில் தண்ணீர்மலைப் படியில் எதையாவது தூக்கிப் போனவர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தோளே சொல்லும்.

இந்தத் தூக்குகிற விஷயத்தில் எனக்குப் பிடித்த கதை பக்கத்து நாட்டில் நடந்தது. பிலிப்பைன்ஸை அமெரிக்கா பிடித்தபிறகு, லூசோன் தீவில் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் பாகியோவில் அரசாங்க ஊழியர்களுக்கென்றே ஒரு சிவில் சானடோரியம் திறந்தார்கள். ஆளுநர் வில்லியம் டாஃப்ட் உடம்பு தேற 1903-இல் அங்கே போனார். 140 கிலோவைத் தொடும் பெரிய உடம்பு. 'பயணத்தைத் தாங்கிக்கொண்டேன். 25 மைல் குதிரையில் 5,000 அடி உயரத்துக்கு ஏறினேன்' என்று வாஷிங்டனுக்குத் தந்தி அடித்தார். அங்கிருந்து போர்த்துறை அமைச்சர் எலிஹு ரூட் அனுப்பிய பதில் தந்தி: 'குதிரை எப்படி இருக்கிறது?' அந்த ஊருக்குச் சாலை போட ஆரம்பத்தில் 75,000 டாலர் போதும் என்று மதிப்பிட்டார்கள். 1905-இல் சாலை திறந்து கணக்கு முடிந்தபோது செலவு 20 லட்சம் டாலருக்குப் பக்கத்தில் வந்திருந்தது. சானடோரியம் கட்ட முடிவெடுப்பவர்கள் கட்டடச் செலவைத்தான் பார்ப்பார்கள். வழிச்செலவு அப்புறம் வந்து கடிக்கும்.

இரண்டாவது தலைவலி, தண்ணீர். மலைமேல் மழை கொட்டும், ஆனால் தண்ணீர் நிற்காது. எல்லாம் சரிந்து கீழே ஓடிவிடும். காட்சி நன்றாக இருக்கிறதென்று உச்சியில் பங்களா கட்டிவிடுவார்கள். ஊற்று இருப்பதோ நூறு அடி கீழே. குளியல் தொட்டிக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் யாராவது தூக்கிவர வேண்டும்.

மூன்றாவது, ஈரம். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்வேன், ஏனென்றால் வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. நம் மலைகளில் குளிர்ச்சி தனியாக வருவதில்லை, மேகத்தோடு வரும். மத்தியானம் மூன்று மணிக்கு ஜன்னல் வழியாக வெள்ளையாக ஒன்று உள்ளே நுழைந்து, அறையின் நடுவில் நிற்கும். தொட்டால் ஒன்றும் இருக்காது, ஆனால் தலையணை நனைந்திருக்கும். மழைநாளில் ஒரு வாரம் பெட்டிக்குள் வைத்த தோல் செருப்பை எடுத்துப் பாருங்கள், பச்சையாக மீசை முளைத்திருக்கும். உப்பு கரையும், தீக்குச்சி பற்றாது. டோபி துவைத்த துணி காயவே காயாது. தாய்ப்பிங்குக்கு மேலே இருக்கும் மேக்ஸ்வெல் ஹில், இன்றைய புக்கிட் லாருட், 1880-களில் தொடங்கிய இன்னொரு மலைவாசம். மலேசியாவிலேயே அதிகமாக மழை பெய்யும் இடங்களில் ஒன்று அது. அங்கே மெத்தையைக் காயவைப்பதே முழுநேர வேலையாக இருந்திருக்கும். அதனால்தான் இந்தப் பங்களாக்களில் கணப்பு அடுப்பும் புகைபோக்கியும் கட்டினார்கள். குளிருக்கு என்று சொல்லிக்கொண்டாலும், நெருப்பு மூட்டியது பாதி ஈரத்தை விரட்டத்தான். அந்த விறகையும் யாரோ தூக்கித்தானே வரவேண்டும்?

நான்காவது, விருந்தாளிகள். தேறி வருகிற நோயாளியைப் பற்றி எந்தத் தாதியிடம் வேண்டுமானாலும் கேளுங்கள். காய்ச்சலில் கிடக்கும்போது சமர்த்து. தெம்பு வந்த மறுநாள் சூப்பில் உப்பு குறை, பக்கத்து அறையில் சத்தம், தபால் ஏன் வரவில்லை என்று ஆரம்பிப்பார்கள். அதோடு பதவி வேறு. நீதிபதிக்கு எந்த அறை, பொதுப்பணித் துறை இளம் பொறியாளருக்கு எந்த அறை, அவர் மனைவிக்குச் சாப்பாட்டு மேசையில் எந்த நாற்காலி? காலனி ஆட்சியில் இதெல்லாம் உயிர் போகிற விவகாரம்.

அக்கா மகள் நடுவில் குறுக்கிட்டு, "நம்ம ஆளுங்களுக்கு இடம் குடுத்தாங்களா?" என்றாள்.

அரசாங்க ஊழியர்களுக்கு என்று சொல்லும்போது அந்த 'ஊழியர்' யார் என்று பார்க்க வேண்டும். ரயில்வேயிலும் கஜானாவிலும் பதிவேடு எழுதியவர்கள் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக் கிராணிமார். தண்டவாளம் போட்டதும் சாலைக்குக் கல் உடைத்ததும் தமிழ்நாட்டிலிருந்து வந்த கூலிகள். 1873 வரை பினாங்கின் பொதுவேலைகளை இந்தியாவிலிருந்து நாடுகடத்திக் கொண்டுவந்த கைதிகளையும் வைத்துத்தான் செய்தார்கள். இவர்கள் எல்லோரும் அரசாங்கத்துக்குத்தான் உழைத்தார்கள், மலேரியாவும் இவர்களைத்தான் அதிகமாகக் கடித்தது. ஆனால் மலைப் பங்களா கட்டியபோது மனதில் இருந்தது வெள்ளை அதிகாரி. 1904-இல் உயர்பதவிப் பயிற்சிக்கு அப்பா அம்மா இருவழியிலும் ஐரோப்பிய வம்சமாக இருக்க வேண்டும் என்று விதியே எழுதிவிட்டார்கள். சானடோரியத்துக்குத் தனி விதி எழுதத் தேவையே இல்லை, வேலையிலேயே வடிகட்டியாயிற்று. கிராணிக்குக் காய்ச்சல் வந்தால் கொய்னா மாத்திரை, வீட்டில் கஞ்சி. கூலிக்குத் தோட்ட ஆஸ்பத்திரி, அதுவும் இருந்தால்.

நம் ஆட்களும் மலைமேல் இருந்தார்கள்தான். டோலி தூக்கியவர்கள், தோட்டம் பார்த்தவர்கள், காவல்காரர்கள். மேலே இருக்கும் அருளொளி திருமுருகன் கோயில் அப்படி மலையில் வேலை பார்த்தவர்கள் கும்பிட்ட சின்ன இடத்திலிருந்து வளர்ந்தது. இன்று கோபுரமும் வண்ணமுமாக நிற்கிறது. மலைக்கு வருகிற சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். இங்கே ஏன் ஒரு முருகன் என்று கேட்பவரை நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த மலையில் இதுதான் முதல் இடம், ஆளுநர் பங்களா அப்புறம்தான்.

இப்போது வைத்தியத்துக்கு வருவோம். மலை உண்மையிலேயே குணப்படுத்தியதா?

19-ஆம் நூற்றாண்டு டாக்டர்களின் நம்பிக்கை, காய்ச்சல் கெட்ட காற்றால் வருகிறது என்பது. சதுப்பிலும் அழுகிய இலையிலும் கிளம்பும் ஆவி தாழ்வான இடத்தில் தேங்கும், மேலே போனால் தப்பிக்கலாம். மலேரியா என்ற சொல்லுக்கே இத்தாலிய மொழியில் கெட்ட காற்று என்றுதான் பொருள். 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டுபிடித்தார். காற்று தப்பித்தது, கொசு மாட்டியது. வேடிக்கை என்னவென்றால், காரணம் தப்பாக இருந்தாலும் மலைக்குப் போன முடிவு முழுத் தப்பாகிவிடவில்லை. குளிர் கூடினால் கொசுவுக்குள் கிருமி வளர்வது மெதுவாகும், அதனால் உயரமான இடத்தில் புதிதாகக் காய்ச்சல் பிடிப்பது குறைவு. ஆனால் ஏற்கெனவே உடம்பில் இருக்கிற கிருமி மலையைப் பார்த்து ஓடிவிடாது. சில வகை மலேரியா ஈரலில் பதுங்கி இருந்து மாதங்கள் கழித்துத் திரும்பி வரும். துரை மலையில் தேறி, கன்னம் சிவந்து இறங்குவார். இரண்டு மாதத்தில் மறுபடி நடுக்கம்.

எல்லா மேடும் நல்ல மேடு என்றும் இல்லை. கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் 1901 முதல் கரையோரச் சதுப்பில் வடிகால் வெட்டிக் காய்ச்சலை அடக்கினார். பிறகு பார்த்தால் உள்நாட்டுக் குன்றுப் பகுதி ரப்பர் தோட்டங்களில் காடு வெட்ட வெட்டக் காய்ச்சல் கூடியது. அங்கே இருந்தது வேறு இனக் கொசு. வெயில் படுகிற தெளிந்த ஓடைதான் அதற்குப் பிடித்த இடம். காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டதே வினை. அந்தத் தோட்டங்களில் லயத்தில் இருந்து செத்தவர்கள் யார் என்று நம் தாத்தா பாட்டிகளின் கதைகளைக் கேட்டவர்களுக்குத் தெரியும். 'மேலே போனால் காய்ச்சல் வராது' என்ற பாடம் 800 மீட்டரில் சரி, 80 மீட்டரில் ஆளைக் கொன்றது.

காற்றை விட்டபிறகு சூரியனைப் பிடித்தார்கள். வெயிலின் கதிர்கள் வெள்ளைக்காரர்களின் நரம்பைக் கெடுக்கின்றன என்று சார்லஸ் உட்ரஃப் என்ற அமெரிக்க ராணுவ டாக்டர் வாதாடினார். பிலிப்பைன்ஸில் சிப்பாய்களுக்கு ஆரஞ்சு நிற உள்ளாடை மாட்டிவிட்டுச் சோதனைகூட செய்தார்கள், கதிரைத் தடுக்குமா என்று. ஒரு பயனும் இல்லை என்று முடிவு வந்தது. உஷ்ணமும் கொஞ்சம் கூடியிருக்கும், பாவம்.

என்னைக் கேட்டால், சானடோரியம் வேலை செய்ததற்குக் காரணம் ரொம்பச் சாதாரணம். கீழே அந்த அதிகாரி காலையில் கச்சேரி, மாலையில் கிளப், ராத்திரி பிராந்தி, நடுவில் ஃபைல். மேலே ஃபைல் இல்லை, பிராந்திக்குக் கணக்கு உண்டு, ஒன்பது மணிக்குப் படுக்கை. மூன்று வாரம் அப்படி வைத்தால் யாருக்குத்தான் தேறாது?

இந்த அமைப்பு மெல்ல மாறியதற்கும் ஒரே காரணம் இல்லை. வடிகாலும் கொய்னாவும் கீழே காய்ச்சலைக் குறைத்தன. நீராவிக் கப்பலில் சில ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்குப் போய்வரும் விடுப்பு வழக்கமாயிற்று. இங்கே பினாங்கில் பெரிய மாற்றம் ரயில். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் தொடங்கிய முதல் மலைரயில் முயற்சி தோற்றது. இரண்டாவது முறை பொறியாளர் ஆர்னால்ட் ஜான்சன் வடிவமைத்தது 1923 அக்டோபரில் ஓடத் தொடங்கியது. 1924 ஜனவரி 1 அன்று ஆளுநர் லாரன்ஸ் கில்லிமார்ட் முறைப்படி திறந்துவைத்தார். செலவு 15 லட்சம் வெள்ளி. அன்றோடு டோலிக்காரர்களின் வேலை போயிற்று. யார் வேண்டுமானாலும் டிக்கெட் எடுத்து ஏறலாம் என்றானதும் மலை சானடோரியமாக இருப்பது குறைந்து, உல்லாச இடமாகிவிட்டது. சார்க்கீஸ் சகோதரர்கள் நடத்திய கிராக் ஹோட்டலே அதற்கு முன்னால் அந்தத் திசையைக் காட்டியிருந்தது. நான் சின்னப் பையனாக ஏறியபோது நடு ஸ்டேஷனில் இறங்கி வண்டி மாற வேண்டும், மொத்தம் அரை மணி நேரம் ஆகும். 2011-க்குப் பிறகு நேராக மேலே. கதை சொல்லி முடிப்பதற்குள் வந்து சேர்ந்துவிடுகிறது, அதுதான் குறை.

எல்லா மலைக்கும் ரயில் வரவில்லை. கோலாலம்பூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு 1890-களில் கோலகுபுவுக்கு அருகே புக்கிட் குத்துவில் ஒரு மலைவாசம் அமைத்தார்கள். சிலாங்கூரில் ரெசிடென்ட்டாக, அதாவது பிரிட்டிஷ் பிரதிநிதியாக, இருந்த வில்லியம் ட்ரீச்சர் பெயரால் ட்ரீச்சர்ஸ் ஹில் என்றார்கள். மலாயில் குத்து என்றால் பேன். பெயரை மாற்றியதில் ஆச்சரியமில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம், நல்ல குளிர். ஆனால் பின்னால் ஃபிரேசர் மலைக்குக் கார் போகும் சாலை வந்ததும் இங்கே ஏறி நடக்க யாருக்கு மனசு வரும்? இன்று மலையேறப் போகிறவர்களுக்கு அங்கே காட்டுக்கு நடுவில் கல் புகைபோக்கி மட்டும் நிற்கும். கூரை இல்லை, சுவர் இல்லை, ஈரத்தை விரட்டக் கட்டியது மட்டும் மிச்சம்.

இந்த ஏற்பாடு முழுசாகச் செத்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு ரூமா பெராங்கினான் தெரிந்திருக்கும். ஃபிரேசர் மலையிலும் கேமரன் மலையிலும் அரசு ஊழியர்கள் விண்ணப்பித்துத் தங்கும் பங்களாக்கள் அவை. இப்போது டாக்டர் சான்று தேவையில்லை, வம்சமும் கேட்பதில்லை. பள்ளி விடுமுறையில் இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு.

அன்றைக்கு மேலே தேநீர் குடித்துவிட்டு, கோயிலில் திருநீறு இட்டுக்கொண்டு, ஜீப் பாதையில் நடந்தே இறங்கலாம் என்று அக்கா மகள்தான் சொன்னாள். தண்ணீர்மலைப் பக்கம் பூங்காவில் போய் முடியும், ஐந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். தார்ச்சாலைதான், ஆனால் சில வளைவுகளில் முன்பாதத்தை ஊன்றினால் வழுக்கும், குதிகாலை ஊன்றினால் முழங்கால் கெஞ்சும். பாதி வழியில் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

"கையை வீசிக்கிட்டு இறங்கவே இப்படி இருக்கு. இதுல ஒரு ஆளைத் தூக்கிக்கிட்டு ஏறினாங்களா?"

"ஆள் மட்டுமா? பெட்டி, பிராந்தி, குளிக்கிற தண்ணி..."

மறுநாள் அவளுக்குக் கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. மாடிப்படி இறங்க முடியவில்லை. தன் கிளினிக் டாக்டரிடமே எம்.சி. கேட்டாளாம். கவுன்டரில் உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று சொல்லி, தடவ ஒரு டியூப் கொடுத்து அனுப்பிவிட்டார்.